ஊக்கமருந்தும் ‘ஒப்பந்தச் சுதந்திர’மும்

சென்ற தவணை முடியுந் தறுவாயில் உயர்தர வகுப்பு மாணவனொருவன் என்னிடம் ஒரு வினாவை எழுப்பினான். “சேர், உடம்பு என்னுடையது. அதற்குள்ளே எதைச் செலுத்துவது என்று தீர்மானிக்கிற உரிமையும் என்னுடையதுதானே? இடையிலே அரசாங்கத்துக்கும் விளையாட்டுச் சங்கங்களுக்கும் என்ன வேலை?” என்று அவன் கேட்டான். வகுப்பிலே சிலர் சிரித்தனர்; பலர் அவன் பக்கமே நின்றனர் என்பது அவர்கள் முகத்திலே தெரிந்தது. மணி அடித்துவிட்டது. அன்று நான் அவனுக்குக் கூறிய விடை ஒரு விடையே அன்று, தப்பித்துக்கொள்ளும் வார்த்தை. அதனை உணர்ந்தமையாலேயே இக்கட்டுரையை எழுத முற்பட்டேன்.

அவன் பார்த்திருந்த செய்தி இதுதான். தடைசெய்யப்பட்ட ஊக்கமருந்துகளைப் பயன்படுத்துவதற்கு வெளிப்படையாகவே இடமளிக்கும் விளையாட்டு விழாவொன்றினை நடத்தப்போவதாக ஆரன் டி’சூசா என்னும் அவுஸ்திரேலிய வர்த்தகர் 2023ஆம் ஆண்டிலே அறிவித்தார். 2025 மே மாதத்தில் இடமும் காலமும் அறிவிக்கப்பட்டன: லாஸ் வேகாஸ் நகர், 2026 மே. சூதாட்ட விடுதிகளின் தலைநகரையே தேர்ந்தெடுத்தமை பொருத்தமென்றே சொல்லவேண்டும். அதே வேளையில், கிறிஸ்தியன் கொலொமேயெவ் என்னும் கிரேக்க நீச்சல் வீரர் மருந்துகளின் துணையுடன் 50 மீற்றரை 20.89 செக்கனில் நீந்தியதாகவும், அதற்காக அவருக்குப் பத்து லட்சம் டொலர் வழங்கப்பட்டதாகவும் விளம்பரம் செய்தனர். பிரேசில் நாட்டுச் சீயெலோ 2009இல் நிறுவிய, அப்போது உலக சாதனையாக இருந்த 20.91 செக்கனிலும் பார்க்க அது இரண்டு நூற்றிலொரு பங்கு செக்கன் குறைவு. 2010 முதல் தடைசெய்யப்பட்ட வழுக்கு நீச்சலுடையை அணிந்தே அவர் இதனைச் சாதித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். சீயெலோவும் அவ்வகை உடையிலேதான் நீந்தினார். ஆனால் தடைக்கு முன்பு. ஆக, மருந்து, உடை, பத்து லட்சம் டொலர் ஆகிய மூன்றும் சேர்ந்து மனித குலத்துக்கு ஈட்டித் தந்த முன்னேற்றம் கண்ணிமைக்கும் நேரத்திலும் சிறியது.

இந்த விழாவுக்கு முதல் போட்டவர்களிலே பீற்றர் தீல் என்னும் கோடீசுவரரும் ஒருவர். அமைப்பாளர்கள் விழாவோடு நிற்கவில்லை. ஆண்மைச் சுரப்பு முதலானவற்றைப் பொதுமக்களுக்கு விற்கும் வியாபாரத்தையும் உடன் தொடங்கினர். இங்கேதான் உண்மை வெளிப்படுகிறது. நீச்சல் தடாகம் விளம்பரப் பலகை. வீரன் அதிலே ஒட்டப்பட்ட படம். கடை வேறோரிடத்தில் இருக்கிறது. அக்கடைக்கு வரவேண்டியவன் ஒலிம்பிக் வீரனல்லன். வேலையில் பின்தங்கிவிடுவோமோ என்றஞ்சும் நாற்பது வயது எழுதுவினைஞனும், பரீட்சையில் பின்தங்கிவிடுவோமோ என்றஞ்சும் பதினெட்டு வயது மாணவனுமே வரவேண்டியவர்கள்.

என் மாணவனின் வினா அவனுடைய வினாவன்று. அது நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வயதுடையது. பிரித்தானியப் பாராளுமன்றம் 1847ஆம் ஆண்டிலே நெசவாலைகளில் வேலை செய்த பெண்களினதும் இளம்பராயத்தினரதும் வேலை நாளைப் பத்து மணித்தியாலமாக வரையறுக்க முற்பட்டபோது ஆலை முதலாளிமார் எழுப்பிய ஓலம் என்ன? தொழிலாளியின் உழைப்பு அவனுடைய சொத்து. எத்தனை மணித்தியாலம் விற்பது என்பதைத் தீர்மானிப்பது அவனுடைய உரிமை. அவ்வுரிமையைப் பறிக்கலாகாது என்பதே. நியூயோர்க் மாநிலத்துப் பேக்கரித் தொழிலாளர் நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலத்துக்கும், வாரத்துக்கு அறுபது மணித்தியாலத்துக்கும் மேல் வேலை செய்யலாகாது என்ற சட்டத்தை ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றம் 1905இல், லொக்னர் வழக்கிலே, செல்லாதென்று தள்ளியது. அதற்குச் சொல்லப்பட்ட காரணம் ஒப்பந்தச் சுதந்திரம். அடுப்பின் வெக்கையிலும் மாத்தூளிலும் நின்று நெஞ்சு கெட்ட தொழிலாளி, மேலும் இரண்டு மணித்தியாலம் நிற்பதற்குச் ‘சுதந்திரம்’ பெற்றான். அடுத்த வேலை நாடி வாசலிலே இன்னொருவன் நிற்கும்போது, நிற்கமாட்டேன் என்று சொல்லும் சுதந்திரம் மட்டும் அவனுக்கு இல்லை.

ஊக்கமருந்து விடயத்திலும் அதே தர்க்கம் அதே குரலிலே பேசப்படுகிறது. ஒருவன் மருந்தெடுக்கிறான், அது அவன் தெரிவு. இரண்டாமவன் தோற்கிறான், அவனுக்கு இப்போது இரண்டு வழிகளே உண்டு: மருந்தெடுப்பது, அல்லது களத்தை விட்டு விலகுவது. மூன்றாமவன் வரும்போது தெரிவென்று எதுவும் எஞ்சுவதில்லை. சைக்கிளோட்டத்தின் கதை இதற்கு நல்ல சான்று. 1998ஆம் ஆண்டு பிரான்சுச் சுற்றோட்டப் போட்டி தொடங்கவிருந்த வேளையில், ஃபெஸ்ரினா அணியின் உதவியாளரொருவர் எல்லைச் சாவடியிலே வாகனம் நிறைந்த மருந்துகளுடன் பிடிபட்டார். அவை அணியின் ஏற்பாட்டிலே, ஓர் ஆலைக்கு எண்ணெய் வாங்குவதைப்போல வாங்கப்பட்டவை. வீரர்கள் அணியிடம் சம்பளம் பெறும் தொழிலாளர். மருந்து அத்தொழிலின் நிபந்தனையாகிவிட்டிருந்தது. பின்னர் வந்த ஆம்ஸ்ரோங் ஏழு தடவை வென்ற பட்டங்களை 2012இல் இழந்து, 2013 ஜனவரியில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவரைத் தனியொரு தீயவனாகக் காட்டிய பத்திரிகைகள், அணி உரிமையாளரையும் விளம்பர நிறுவனங்களையும் மெல்ல மறந்துபோயின. தனிமனிதனைத் தூற்றுவது எளிது. அதற்குச் செலவும் இல்லை.

எதிர்த் தரப்பிலே அறிவார்ந்த வாதங்களும் இல்லாமலில்லை. ஜூலியன் சவுலெஸ்கு என்னும் ஒழுக்கவியலறிஞர் வேறிருவருடன் சேர்ந்து 2004இல் எழுதிய கட்டுரை அவற்றுள் முக்கியமானது. இயற்கையே சமத்துவமற்றது என்பது அவர் தரப்பு. பின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் ஈரோ மென்திரந்தா 1964ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் இரண்டு தங்கப் பதக்கம் பெற்றார். அவருடைய குடும்பத்திலே ஓடிய மரபணு மாற்றமொன்று அவரது இரத்தத்தின் செவ்வணுக்களை மிகுவித்திருந்தமை பல்லாண்டுகளின் பின்னர் கண்டறியப்பட்டது. பிறப்பு ஒருவனுக்கு இலவசமாகக் கொடுத்ததை மற்றவன் ஊசியாலே பெற்றால் என்ன குற்றம்? ஆபத்தில்லாத எல்லையொன்றை வகுத்து, அதற்குள் அனுமதித்துவிட்டாலென்ன? பிறப்பினால் வரும் உயர்வை நியாயமென்று ஏற்காத மரபிலே வளர்ந்த எமக்கு இவ்வாதம் முதற் பார்வையிலே கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆயின் எல்லை வகுத்த அனுபவம் ஏற்கெனவே உண்டு. சைக்கிளோட்டச் சம்மேளனம் 1997இல் இரத்தத்திலே செவ்வணுவின் பங்கு ஆண்களுக்கு ஐம்பது வீதத்தைத் தாண்டலாகாதென்று விதித்தது. விளைவு யாது? ஐம்பது என்பது தடையாக இருக்கவில்லை, இலக்காயிற்று. அணி வைத்தியர்கள் இயந்திரம் வைத்து அளந்து, நாற்பத்தொன்பதின் மேல் நிறுத்தக் கற்றுக்கொண்டார்கள். எல்லோரும் ஐம்பதைத் தொட்டதும், வெற்றி மறுபடியும் ஐம்பதுக்கு அப்பால் உள்ளதைத் தேடிப் போகிறது. போட்டி என்பதன் இயல்பே அது. எல்லோரும் எழுந்து நின்றால் எவருக்கும் மேடை முன்னதை விட நன்றாகத் தெரிவதில்லை. கால் வலிப்பது மட்டும் எல்லோருக்கும் வலிக்கிறது. கதிரை விற்பவனும் நிற்பதற்குக் கட்டணம் அறவிடுபவனும் ஒருவனே என்பதே இங்குள்ள சூட்சுமம்.

இன்னொரு சாராரையும் இங்கே விட்டுவிட முடியாது. உடல் இறைவன் தந்தது, இயற்கையிலே கைவைப்பது பாவம் என்பார் அவர்கள். அவர்கள் நம் பக்கத்தில் நிற்பதுபோலத் தோன்றினும் அவர்களுடைய துணை நமக்கு வேண்டியதில்லை. அம்மைப்பால் குத்துவதற்கும், பெண்கள் மயக்கமருந்தின் துணையோடு நோவின்றிப் பிள்ளை பெறுவதற்கும் ஒரு காலத்திலே சொல்லப்பட்ட தடை இதுவே. நமது நாட்டு இடதுசாரிகளிற் பலர் வாசித்த ட்றொட்ஸ்கியின் ‘இலக்கியமும் புரட்சியும்’ என்ற நூலின் கடைசிப் பக்கங்கள், எதிர்கால மனிதன் தன் உடலையும் மனத்தையும் தானே திருத்தி அமைப்பான் என்ற கனவோடுதான் முடிகின்றன. மனிதன் மாறுவதற்கு நாம் எதிரிகளல்லர். யார் கையிலே, எதற்காக, யாருடைய இலாபத்துக்காக மாற்றப்படுகிறான் என்பதே கேள்வி.

“அப்படியாயின் எல்லைக் கோட்டை எங்கே போடுவீர்? தேநீரும் ஊக்கமருந்து தானே?” என்று கேட்பார்கள். ஆம், ஊக்கிதான். தேநீரிலும் கோப்பியிலும் உள்ள கஃபீன், குறித்த அளவுக்கு மேல் உடலிலே காணப்படலாகாதென்று 1984 முதல் ஒலிம்பிக் தடைப் பட்டியலில் இருந்தது, 2004இல் நீக்கப்பட்டது. கோடு அசையக் கூடியது. மனிதர் கூடிப் பேசிப் போட்டது. அதனால் அது பொய்க் கோடாகிவிடுமா? எட்டு மணித்தியால வேலை நாளும் அப்படிப்பட்டதே. எட்டுக்கும் எட்டேகாலுக்கும் இடையே இயற்கை எந்த மதிலையும் எழுப்பி வைக்கவில்லை. தொழிலாளர் போராடி அங்கே ஒரு கோட்டைக் கீறினார்கள். கீறாவிட்டால் கோடு பன்னிரண்டுக்கும் பதினான்குக்கும் போயிருக்கும் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள்.

ஆனால் கோடு கீறுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். நோயைத் தீர்ப்பது சரி, நலத்தைப் பெருக்குவது பிழை என்று பலர் கூறும் அளவுகோல் எனக்குப் போதுமானதாகப் படவில்லை. தடுப்பூசி நோயைத் தீர்ப்பதன்று, நலமாயிருப்பவனுக்கே போடப்படுவது. ஆயினும் நான் தடுப்பூசி போட்டுக்கொள்வதால் என் அயலவன் பின்தங்குவதில்லை. அவனுக்கும் அது காவலாகிறது. நான் மூக்குக்கண்ணாடி அணிவதால் வேறெவருடைய பார்வையும் மங்குவதில்லை. பிள்ளைப்பேற்றைத் தள்ளிவைக்கும் பெண் அடுத்த வீட்டுப் பெண்ணை எதற்கும் நிர்ப்பந்திப்பதில்லை. இவையெல்லாம் எல்லோரும் பெற்றாலும் பயன் குன்றாதவை. ஊக்கமருந்தோ, மற்றவன் பெறாதிருந்தால் மட்டுமே பயன் தருவது. எல்லோரும் பெற்ற கணமே பயன் பூச்சியமாகி, தீங்கு மட்டும் எஞ்சுகிறது. எனது தெரிவு உனது தலையிலே கட்டாயமாக இறங்குகிறதா என்பதே நான் முன்வைக்கும் அளவுகோல். இதிலும் சிக்கல்கள் உள்ளன. ஆயினும் ‘இயற்கை’, ‘செயற்கை’ என்ற சொற்சிலம்பத்திலும் இது மேலானது.

கட்டாயம் மட்டுமன்றிக் களவும் இதிலே உண்டு. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றர் ஓட்டத்தில் சுசந்திகா ஜயசிங்க மூன்றாவதாக வந்தபோது, 1948இல் டங்கன் வைற் பெற்ற வெள்ளிப் பதக்கத்துக்குப் பின், ஐம்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்து, இலங்கைக்கு ஓர் ஒலிம்பிக் பதக்கம் கிடைத்தது. எளிய கிராமத்துக் குடும்பத்திலே பிறந்த அவ்வீராங்கனை 1998இல் ஊக்கமருந்துக் குற்றச்சாட்டுக்கு ஆளாகி, பின்னர் விடுவிக்கப்பட்டவர் என்பதும் நினைவிருக்கலாம். சிட்னியிலே முதலாவதாக வந்தவர் அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ். அவர் பயன்படுத்தியது கலிபோர்னியாவிலிருந்த ஒரு நிறுவனத்தின் வழியாக வந்த, பரிசோதனையிலே அகப்படாதிருந்த மருந்து. 2007இல் அவர் நீதிமன்றத்திலே ஒப்புக்கொண்டார். சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாக மாறியது 2009இன் கடைசியிலே. ஒன்பது ஆண்டுகள்! சிட்னி அரங்கிலே அவர் ஏறி நின்றிருக்க வேண்டிய படியிலே இனி எவராலும் அவரை ஏற்றிவைக்க முடியாது. ‘என் உடம்பு, என் விருப்பம்’ என்பவர் இந்தக் கணக்கை எந்தப் பக்கத்திலே எழுதுவார்?

இதுவரை சொன்னவற்றோடு பல வாசகர்கள் இலகுவாக உடன்படுவர் என்பதை அறிவேன். இனிச் சொல்வது சிலருக்குக் கசக்கலாம்.

1976ஆம் ஆண்டு மொன்றியல் ஒலிம்பிக் நடந்தபோது என் ஐயாவுக்கு இருபத்திரண்டு வயது; கட்சியின் வாலிபர் சங்கத்திலே இருந்தவர். பதினேழு மில்லியன் அளவு மக்களே வாழ்ந்த ஜேர்மன் ஜனநாயகக் குடியரசு நாற்பது தங்கப் பதக்கங்களைப் பெற்று, முப்பத்துநான்கு பெற்ற ஐக்கிய அமெரிக்காவை மூன்றாமிடத்துக்குத் தள்ளியது. பெண்களுக்கான பதின்மூன்று நீச்சற் போட்டிகளிலே பதினொன்றை அந்நாட்டுப் பெண்களே வென்றார்கள். ஐயா அந்தப் பத்திரிகைப் படங்களை வெட்டி ஒட்டி வைத்திருந்த கொப்பியை நான் சிறுவனாயிருந்தபோது பார்த்திருக்கிறேன். சோசலிசத்தின் மேன்மைக்கு அவருக்கு அதைவிட வேறு சான்று வேண்டியிருக்கவில்லை. அவர் நேர்மையானவர், ஏமாற்றப்பட்டவர்.

ஏனெனில், 1974ஆம் ஆண்டிலேயே அந்நாட்டு ஆட்சியாளர் ‘அரசுத் திட்டப் பொருள் 14.25’ என்ற பெயரிலே இரகசியத் திட்டமொன்றை ஏற்படுத்தியிருந்தனர். யேனா நகரின் அரசாங்க மருந்தாலை தயாரித்த ‘ஓரல் தூரினபோல்’ என்ற நீல மாத்திரைகள் பதின்மூன்று, பதினான்கு வயதுச் சிறுமிகளுக்குக்கூட விற்றமின் என்று சொல்லிக் கொடுக்கப்பட்டன. பெற்றோருக்கு அறிவிக்கப்படவில்லை. ஏறத்தாழப் பத்தாயிரம் வீரர்கள் இத்திட்டத்துக்குள் அகப்பட்டதாகக் கணிக்கப்படுகிறது. மொன்றியலிலே அச்சிறுமிகளின் குரல் ஆண்குரல்போலக் கரகரத்ததைச் சுட்டிக்காட்டிய அமெரிக்க நீச்சல் வீராங்கனை ஷேர்லி பபஷொஃப்பை அவருடைய நாட்டுப் பத்திரிகைகளே பொறாமைக்காரியென்று எள்ளின. நம்மவர்கள் பாட வரவில்லை, நீந்த வந்தார்கள் என்று ஜேர்மன் அணியின் அதிகாரி ஒருவர் நகைச்சுவையாக விடையிறுத்தாராம். அந்நகைச்சுவையின் விலையைக் கொடுத்தவர்கள் பின்னர் கருப்பையிலும் ஈரலிலும் இதயத்திலும் நோய் சுமந்தவர்கள். 1986இல் குண்டெறிதலில் ஐரோப்பிய வெற்றியாளரான ஹைடி கிறீகர் பதினாறு வயது முதல் அம்மாத்திரைகளை விழுங்க வைக்கப்பட்டவர். 1997இல் சத்திரசிகிச்சை பெற்று அன்றியாஸ் என்ற பெயரில் ஆணாக வாழத் தொடங்கினார். தான் யார் என்பதைத் தானே கண்டுபிடிக்கும் வாய்ப்பை மருந்து தன்னிடமிருந்து பறித்துவிட்டது என்ற கருத்துப்பட அவர் கூறியதை வாசித்தபோது, ஐயாவின் கொப்பி என் நினைவுக்கு வந்தது.

2000ஆம் ஆண்டிலே பேர்லின் நீதிமன்றம் அந்நாட்டு விளையாட்டுத் தலைவராயிருந்த மன்பிறெட் ஏவால்டையும், வைத்தியர் மன்பிறெட் ஹொப்னரையும் உடற்காயம் விளைவித்ததற்கு உடந்தையாயிருந்த குற்றவாளிகளெனக் கண்டது. இருவருக்கும் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையே கிடைத்தது. மேற்கு ஜேர்மனியிலும் அரசாங்கப் பணத்திலே ஊக்கமருந்து ஆராய்ச்சி நடந்தமையைப் பேர்லின் ஹும்போல்ட் பல்கலைக்கழக ஆய்வொன்று 2013இல் வெளிப்படுத்தியது உண்மைதான். நம் நண்பர்கள் சிலர் இதனை உடனே எடுத்து வீசுகிறார்கள். ‘அவர்களும் செய்தார்கள்’ என்கிறார்கள். இது ஒரு வாதமா? முதலாளி தொழிலாளியின் உடலைச் சரக்காக்குவது அவனுடைய முறைமைக்குப் பொருந்திய செயல். தொழிலாளியின் பெயரால் ஆண்டவர்கள், தொழிலாளியின் மகளைக் கேளாமலே அவளுடைய உடலைப் பதக்க உற்பத்திக் கருவியாக்கினார்கள். உற்பத்தித் திட்டத்திலே நிலக்கரிக்கும் உருக்குக்கும் எண் இட்டதுபோல அவளுக்கும் ஓர் எண் இட்டார்கள். இதைக் கண்டிக்கத் தயங்கும் எவருக்கும் லாஸ் வேகாஸ் வியாபாரிகளைக் கண்டிக்கும் அருகதை கிடையாது. அவர்கள் நம்மைப் பார்த்து, நாங்களாவது சம்மதம் கேட்டுப் பணமும் கொடுக்கிறோம் என்று சொல்லும்போது நாம் என்ன விடை கூறுவோம்?

விளையாட்டுச் சங்கங்களின் தூய்மைப் பேச்சையும் நான் நம்பவில்லை. தென்னாபிரிக்காவின் கஸ்ரர் செமன்யா எந்த மருந்தையும் எடுத்தவரல்லர். பிறப்பிலேயே அவருடைய உடலில் ஆண்மைச் சுரப்பு மிகுந்திருந்தது. மென்திரந்தாவின் செவ்வணுக்களைப் போற்றிய உலகம் இவரை ஐயத்தோடு பார்த்தது. உலக தடகளச் சம்மேளனம் 2018இல் வகுத்த விதி, நானூறு மீற்றர் முதல் ஒரு மைல் வரை ஓட வேண்டுமாயின் மருந்தெடுத்து அச்சுரப்பைக் குறைக்கவேண்டுமென்றது. நலமான உடலுக்குப் போட்டியின் பொருட்டு மருந்து செலுத்தலாகாது என்று பிரசங்கம் செய்யும் அதே சபை, நலமான ஒரு பெண்ணின் உடலுக்குப் போட்டியின் பொருட்டு மருந்து செலுத்தச் சொல்லிற்று! அவர் மறுத்தார், தமது ஓட்டத்தை இழந்தார். அவருடைய வழக்கு சுவிற்சர்லாந்து நீதிமன்றத்திலே நீதியாக விசாரிக்கப்படவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2025 ஜூலையிலே தீர்ப்பளித்தது. விதியோ அதனால் மாறவில்லை. பெண்கள் பிரிவின் நியாயம் பற்றிய சிக்கல் உண்மையானதே. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அச்சிக்கலின் செலவை ஒரு கறுப்பினப் பெண்ணின் உடலே கட்டவேண்டும் என்று எவ்வளவு இலகுவாக முடிவு செய்தார்கள்!

மைதானத்தை விட்டு வீதிக்கு வருவோம். யப்பானிலே 1941இல் ஒரு மருந்து நிறுவனம் களைப்பையும் தூக்கத்தையும் போக்கும் மாத்திரையொன்றைச் சந்தைக்கு விட்டது. அதன் பெயர் ‘பிலோபொன்’. உழைப்பை விரும்புதல் என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். உண்மையில் அது மெதம்பெற்றமீன் என்னும் கடும் போதைப் பொருள். போர்க்காலத் தொழிற்சாலைகளிலே இரவு முறை வேலை செய்தவர்கள் அதை விழுங்கினார்கள். போர் முடிந்ததும் மிஞ்சிய கையிருப்பு நகரங்களிலே கொட்டப்பட்டு, அடிமைப்பட்டோர் தொகை பெருகி, 1951இலே சட்டம் இயற்றித் தடுக்க வேண்டியதாயிற்று. வேலையைக் குறைப்பதற்குப் பதிலாகக் களைப்பைக் கொல்லும் வித்தை அது. களைப்பு என்பது உடல் முதலாளிக்கு எதிராகச் செய்யும் முதல் வேலைநிறுத்தம். அதனை முறியடிக்கும் மாத்திரைக்கு உழைப்புக் காதல் என்று பெயர் வைத்தவனை விடச் சிறந்த விளம்பர எழுத்தாளன் பிறந்ததில்லை.

குள்ளம் என்பது நோயன்று. ஆனால் 2003இல் ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம், காரணமெதுவும் கண்டறியப்படாத, வெறுமனே உயரங் குறைந்த நலமான பிள்ளைகளுக்கும் வளர்ச்சிச் சுரப்பை ஊசி மூலம் ஏற்ற அனுமதியளித்தது. ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் ஊசி; கிடைப்பது சில அங்குலம். வரிசையிலே யாரோ ஒருவன் கடைசியில் நின்றே தீரவேண்டும். பணமுள்ளவன் பிள்ளை முன்னே நகர்ந்தால், பணமில்லாதவன் பிள்ளை அந்தக் கடைசி இடத்துக்கு வருகிறான்.

நம்முடைய சமூகத்திலே இவ்வரிசை உயரத்தால் மட்டும் அமைவதில்லை; நிறத்தால் அமைகிறது. மணமகள் தேவை விளம்பரத்திலே ‘சிவந்த’, ‘வெள்ளை’ என்ற சொற்கள் சாதியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன. 1975இல் இந்தியாவிலே தோன்றிய பெயர்பெற்ற முகக்களிம்பொன்று 2020இலே, உலகம் நிறவெறிக்கெதிராகக் கிளர்ந்தபோது, தன் பெயரிலிருந்த ‘வெண்மை’யை நீக்கிக்கொண்டது. குப்பியின் பெயர் மாறியது. வாங்குபவளின் அச்சம் மாறவில்லை. பெயரும் முகவரியும் அற்ற மலிவுக் களிம்புகளின் கதை இன்னும் கொடியது. பாதரச உப்பு தோலின் கருமையைத் தடுக்கும்; சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாதரசம் பற்றிய மினமாற்றா உடன்படிக்கையின் நாடுகள் 2023இல் கூடி, பாதரசம் சேர்த்த அழகுப் பொருட்கள் அனைத்தையும் 2025க்குள் ஒழிப்பதென்று முடிவு செய்தன. முடிவு செய்தன என்று மட்டுமே சொல்கிறேன். என் வகுப்பிலே பதினோராந் தரத்து மாணவியொருத்தியின் முகம் ஒரு தவணைக்குள் வெளுத்து, தோலுரிந்து, புண்ணானதைக் கண்டேன். தாயாரை அழைத்துப் பேசினோம். “அக்காவின் சம்பந்தம் நிறத்தால்தான் குழம்பினது சேர்” என்றார் அவர். அது அப்பிள்ளையின் தெரிவாம்!

இனி, வினாவைக் கேட்ட மாணவனிடம் திரும்புகிறேன். அவன் உயிரியல் பிரிவில் படிப்பவன். வெளிநாட்டிலிருக்கும் மைத்துனன் அனுப்பிய மாத்திரை அட்டையொன்று அவன் புத்தகப் பைக்குள் இருந்தது. கவனக் குறைபாடுடைய பிள்ளைகளுக்கு வைத்தியர் எழுதிக்கொடுக்கும் மருந்து அது. இரவு இரண்டு மணி வரை விழித்திருப்பதற்காக அதனை விழுங்கினான். அவனைக் கூப்பிட்டு உபதேசம் செய்யலாமென்று முதலில் நினைத்தேன். பின்னர் அவனுடைய நாளைக் கணக்கிட்டுப் பார்த்தேன். அதிகாலை ஐந்து மணிக்கு ஒரு ரியூசன் வகுப்பு, ஏழரைக்குப் பாடசாலை, மூன்று மணி முதல் எட்டு மணிவரை மறுபடியும் ரியூசன். அந்த ஐந்து மணி வகுப்பை நடத்துகிறவன் நான். தமிழ்ப் பாடத்துக்கு அவ்வளவு கூட்டம் வருவதில்லை. பொதுச் சாதாரண பரீட்சைக்கென்று வேறு சில விடயங்களையும் சேர்த்து நடத்துகிறேன். சம்பளத்தில் சீவிக்க முடியாமையே காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. ‘தூங்குகிறவனுக்குப் பல்கலைக்கழகம் இல்லை’ என்று அந்த வகுப்பிலே பலமுறை முழங்கியவனும் நானே.

பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியிலே தங்கியிருக்கிறது. அப்புள்ளி ஒருவன் எவ்வளவு அறிந்தான் என்பதைக் கூறுவதில்லை. மற்றவர்களுக்கு எவ்வளவு முன்னே நிற்கிறான் என்பதைக் கூறுகிறது. நாட்டிலுள்ள எல்லாப் பிள்ளைகளும் நான்கு மணித்தியாலம் குறைவாகத் தூங்கினாலும் மருத்துவ பீடங்களிலே ஓர் இடமேனும் கூடப்போவதில்லை. இதனை நான் அவனுக்குக் கரும்பலகையிலே எழுதிக் காட்டினேன். அவன் புத்திசாலி, உடனே விளங்கிக்கொண்டான். “மற்றவர்கள் விட்டால் நானும் விடுகிறேன் சேர்” என்றான்.

ஐந்து மணி வகுப்பை நான் நிறுத்தினேன். முதல் வாரத்திலேயே நான்கு பெற்றோர் வீடு தேடி வந்தனர். அவர்களிலே ஒருவர் என் சக ஆசிரியர். இரண்டாம் வாரத்தில் பதினொரு பிள்ளைகள் சந்தியடியிலுள்ள வேறொரு நிலையத்தின் நாலரை மணி வகுப்பிலே சேர்ந்துவிட்டார்கள். அந்தப் பதினொருவரில் அவனும் ஒருவன்.